மூத்திரத்தில் எழுதிய முகவரி

ஆண் சுண்டெலிகள் இரண்டு. யார் பெரியவர் என்ற தகராறு சண்டையில் தீர்ந்துவிட்டது. இப்போது அவற்றுக்கு நடுவே ஒரு கம்பித் தடுப்பு, தரையில் உறிஞ்சுதாள். பிறகு அந்தத் தாளை எடுத்துப் புறஊதா விளக்கின் கீழே பிடித்தால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிறுநீர்த் துளிகள் பளிச்சென்று ஒளிர்கின்றன. ஜெயித்த எலியின் பக்கம் தாள் முழுக்கப் புள்ளிமயம். நடு, ஓரம், மூலை என்று எந்த இடத்தையும் விட்டுவைக்காமல் சொட்டுச் சொட்டாக வைத்திருக்கிறது. தோற்ற எலியின் பக்கம் மூலையோரமாக இரண்டு முதல் நான்கு குட்டைகள், அவ்வளவுதான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க்ளின் பிரான்சனும் சகாக்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இது. இரண்டில் எது ராஜா, எது அடங்கிப்போனது என்று தெரிந்துகொள்ள எலிகளைப் பார்க்கவே வேண்டாம், தாளைப் பார்த்தால் போதும்.

துளி வைப்பது சுலபம், வைத்த துளியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். காயக் காய அதன் வாசனை மாறுவதால், பழைய துளி எது, சற்றுமுன் வைத்தது எது என்பது முகர்கிற எலிக்குத் தெரிந்துவிடும். எதிராளி நடுவில் புகுந்து தன் சொட்டை வைத்துவிட்டுப் போனால், இடத்துக்குச் சொந்தக்கார எலி உடனே அதன் பக்கத்தில் புதிதாக ஒன்றை வைத்தாக வேண்டும். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஹர்ஸ்ட் பல்லாண்டுகளாக ஆராய்ந்தது இந்தப் போட்டா போட்டியைத்தான். எல்லைக்குள் எதிராளியின் துளி கலக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆணையே பெண் எலிகள் அதிகம் நாடுகின்றன. திராணி இல்லாத எலி ஊரெல்லாம் துளி வைத்தால் அடிவாங்கியே சாகும். மூலையில் ஒதுங்குவது அதற்கு உயிர்பிழைக்கும் வழி.

மனிதரின் சிறுநீரில் புரதம் அதிகமாகத் தெரிந்தால் மருத்துவர் முதலில் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பார். சுண்டெலிக்கு அதுதான் ஆரோக்கியம். அதன் கல்லீரல் ஒருவகைப் புரதங்களை மெனக்கெட்டுத் தயாரித்து, ரத்தத்தில் விட்டு, சிறுநீரகம் வழியாக வெளியே கொட்டுகிறது. சிறுநீரின் முதன்மைப் புரதங்கள் என்று இவற்றுக்குப் பெயர். சுண்டெலியின் நான்காம் குரோமோசோமில் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதற்கென்றே அடுத்தடுத்து வரிசையாக இருக்கின்றன. காட்டிலும் தானியக் கிடங்கிலும் வாழும் எலிகளில் ஒவ்வொன்றும் இந்தப் புரதங்களில் தனக்கென ஒரு கலவையை வெளியிடுகிறது. ஆய்வக எலிகளின் கதை வேறு. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கலந்து வளர்க்கப்பட்டதால் ஒரே வகை எலிகள் எல்லாவற்றின் சிறுநீரும் ஒரே அச்சு. எலியின் சமூக வாழ்க்கையை இத்தனை காலம் ஆய்வக எலிகளை மட்டும் வைத்து அளந்தவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்பதை ஹர்ஸ்ட் காட்டு எலிகளைப் பிடித்துவந்துதான் காட்டினார்.

இந்தப் புரதம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழிவு உண்டு. எளிதில் ஆவியாகிவிடும் சிறு மணப்பொருள்கள் அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன. மூடிய டப்பாவில் இருக்கும் கற்பூரம் நாள்பட மணப்பதைப்போல, குழிவுக்குள் இருக்கும் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகவே கசிகிறது. தூரத்தில் போகும் எலியை இழுப்பது இந்தக் கசிவு. அது அருகே வந்து மூக்கை வைத்துத் தொட்ட பிறகு செய்தி சொல்வது புரதம். ஒரே துளியில் இரண்டு தகவல்: இங்கே வா என்பது ஒன்று, நான் இன்னார் என்பது மற்றொன்று.

இந்த இரண்டையும் வாங்குவதற்கு எலிக்கு இரண்டு மூக்குகள் இருக்கின்றன என்றே சொல்லலாம். முதலாவது, நமக்கும் இருப்பது. மூச்சோடு வரும் வாசனையை மூக்கின் மேல்சுவரில் உள்ள நரம்பணுக்கள் பிடிக்கின்றன. இவற்றின் ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டுபிடித்தார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. சுண்டெலியிடம் இப்படிப்பட்ட மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல், நம்மிடம் ஏறக்குறைய 400.

இரண்டாவது மூக்கு, நாசியின் நடுத்தண்டில் அடிப்பக்கமாக ஒளிந்திருக்கும் ஒரு ஜோடி குழாய். டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் 1813இல் விவரித்ததால் ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர். இதற்குள் காற்று தானாகப் போகாது. பக்கத்திலுள்ள ரத்தக்குழாய் சுருங்கி விரியும்போது குழாய் ஒரு பம்பாகிவிடுகிறது. எலி மூக்கை ஈரத்தில் ஒற்றினால் அந்த ஈரம் உள்ளே உறிஞ்சப்படுகிறது. சுண்டெலி ஒரு துளியைச் சந்திக்கும்போது கவனித்தால் இது தெரியும்: தூரத்திலிருந்து மோப்பம் பிடித்துக்கொண்டே வரும், நிற்கும், மூக்கைத் தரையில் பதிக்கும், தலையை லேசாக ஆட்டியபடி அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொடும். முதல் மூக்கின் வேலை அந்தத் தூரத்து மோப்பம், இரண்டாவதன் வேலை இந்த ஒற்றல்.

ஜேக்கப்சன் உறுப்பின் ஏற்பிகளை 1995இல் முதலில் அடையாளம் கண்டவர் கேத்தரின் டுலாக். பிரான்சில் பிறந்தவர், அப்போது ஆக்சலின் ஆய்வகத்தில் இருந்தார். பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய், இந்தத் துறைக்கே ஒரு முகமாகிவிட்டார். அந்த உறுப்பிலிருந்து கிளம்பும் நரம்பு மூளையில் தனக்கென உள்ள ஒரு துணை முகர்குமிழுக்குப் போகிறது. அங்கிருந்து அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் உட்புறம், அடுத்து ஹைப்போதலாமஸ். சண்டை, கலவி, தாய்மை, ஹார்மோன் சுரப்பு எல்லாவற்றுக்கும் தலைமைச் செயலகமான ஹைப்போதலாமஸுக்கு வாசனை இரண்டு மூன்றே கைமாறலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. யோசிக்கிற பெருமூளைப் புறணியைச் சுற்றிவர வேண்டியதில்லை.

இவ்வளவு குறுக்குவழி இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பெரோமோன் (ஒரே இனத்துக்குள் செய்தி சொல்லும் வாசனைப்பொருள்) என்றாலே பலரும் ஒரு பொத்தானைக் கற்பனை செய்கிறார்கள். வாசனை பட்டது, எலி ஆடியது என்று. அந்தக் கற்பனைக்கு ஒரு காரணமும் உண்டு. பெரோமோன் என்ற பெயரை 1959இல் சூட்டியவர்கள் பூச்சிகளை ஆராய்ந்தவர்கள். அதே ஆண்டு அடால்ஃப் பியூட்டனாண்ட் குழு சுமார் ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து பிரித்தெடுத்த பாம்பிகால் என்ற பொருள், ஆண் பட்டுப்பூச்சியை நிஜமாகவே பொத்தான் அழுத்தியதுபோலச் சிறகடித்துக் கிளம்பவைத்தது. எலியின் மூளை அப்படி நடந்துகொள்வதில்லை. அது வாசனையை வாங்கிக்கொண்டு, முகர்வது ஆணா பெண்ணா, கன்னியா தாயா, இந்த வாசனையை முன்பே எங்கே சந்தித்தது என்பதையெல்லாம் சேர்த்துவைத்துப் பார்க்கிறது. அதற்குப் பிறகுதான் எலி நகர்கிறது.

அதே 1959இல்தான் லண்டனின் மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஹில்டா புரூஸ் ஒரு விசித்திரத்தைக் கவனித்து எழுதினார். ஒரு ஆணோடு சேர்ந்த பெண் சுண்டெலியை, அடுத்த சில நாள்களுக்குள் வேறொரு அந்நிய ஆணின் பக்கத்தில் வைத்தால், அதன் கர்ப்பம் கலைந்துபோகிறது. சில நாள்களில் அது மறுபடி இணைசேரத் தயாராகிவிடுகிறது. சேர்ந்த அதே ஆண் பக்கத்தில் இருந்தால் ஒன்றும் ஆவதில்லை. அந்நிய ஆண் நேரில் வரவேண்டும் என்றுகூட இல்லை, அது படுத்துப் புழங்கிய மரத்தூள் போதும். காயடித்த ஆணுக்கு இந்தச் சக்தி கிடையாது. பெண்ணின் முகர்குமிழ்களை நீக்கிவிட்டால் கர்ப்பம் நிலைக்கிறது. ஆக, குற்றவாளி வாசனைதான்.

அந்த ஆண்டுகள் இத்தகைய கண்டுபிடிப்புகளின் அறுவடைக் காலம். பெண்களை மட்டும் கூட்டமாக அடைத்தால் அவற்றின் சினைச் சுழற்சி தடைபடுகிறது என்று நெதர்லாந்தில் கண்டார்கள். ஆணின் வாசனை பட்டதும் அந்தச் சுழற்சி திரும்ப ஓடத்தொடங்கி, பல பெண்கள் ஒரே நேரத்தில் பருவத்துக்கு வருகின்றன என்று ஆஸ்திரேலியாவின் வெஸ்லி விட்டன் காட்டினார். சிறு பெண் எலிகள் ஆண் வாசனையில் சீக்கிரம் பருவமடைவதை 1960களில் ஜான் வாண்டன்பர்க் சேர்த்தார். ஆனால் இவை எல்லாவற்றிலும் ஆழமாகத் தோண்டப்பட்டது புரூஸின் கண்டுபிடிப்புதான், ஏனென்றால் அதில் ஒரு புதிர் இருந்தது. இரண்டு ஆண்களின் சிறுநீரும் பெரும்பாலும் ஒரே சரக்கு. எந்த ஆணோடு சேர்ந்தோம் என்பது பெண்ணின் மூளைக்கு எப்படி நினைவிருக்கிறது?

கேம்பிரிட்ஜில் பாரி கெவர்னும் பீட்டர் பிரென்னனும் கண்ட விடை இது. நினைவு மூளையின் ஆழத்தில் எங்கோ தேங்குவதில்லை, நுழைவாயிலான துணை முகர்குமிழிலேயே பதிகிறது. புணர்ச்சியின்போது அங்கே நோர்அட்ரினலின் பாய்கிறது. அந்நேரம் எந்த ஆணின் வாசனை அங்கே ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதைச் சுமக்கும் நரம்பணுக்களின் மேல் பக்கத்து அணுக்களின் தடுப்புப் பிடி இறுகிவிடுகிறது. அப்புறம் அந்த ஆண் எத்தனை துளி வைத்தாலும் செய்தி வாசலிலேயே நின்றுவிடும். அந்நிய ஆணின் வாசனைக்கு அந்தத் தடை இல்லை. அது நேராக ஹைப்போதலாமஸுக்குப் போய் டோபமைனைக் கிளப்பிவிடுகிறது. டோபமைன் கூடினால் புரோலாக்டின் ஹார்மோன் குறையும், புரோலாக்டின் இல்லாமல் சூலகத்தின் மஞ்சள் உடலம் வாடும், அதன் புரோஜெஸ்ட்டிரோன் இல்லாமல் கரு கருப்பைச் சுவரில் ஒட்டாது.

ஆண்களைப் பிரித்துக்காட்டும் அடையாளங்களில் ஒன்று, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சிறு புரதத் துண்டுகள். உடல் தன்னையும் அந்நியரையும் பிரித்தறியப் பயன்படுத்தும் அதே சரக்கு. பழகிய ஆணின் சிறுநீரில் வேறொரு வகை எலியின் இந்தத் துண்டுகளைக் கலந்து கொடுத்தபோது, பெண்ணின் கர்ப்பம் கலைந்தது என்று 2004இல் ஒரு ஆய்வுக் குழு காட்டியது. சொந்தக் கணவனே அந்நியனாகிவிட்டான் என்று சொல்லலாம்.

பெண் எலி ஏன் இப்படித் தன் கருவைத் தானே கைவிட வேண்டும்? அந்நிய ஆண் வந்து குடியேறினால், பிறக்கப்போகும் குட்டிகளை அது கொன்றுவிடும் வாய்ப்பு அதிகம். மூன்று வாரம் சுமந்து பெற்றுப் பறிகொடுப்பதைவிட ஆரம்பத்திலேயே விட்டுவிடுவது மேல் என்பது பெரும்பாலான உயிரியலாளர்களின் விளக்கம். எத்தியோப்பியாவின் மலைகளில் வாழும் ஜெலாடா குரங்குகளிலும், கூட்டத்தின் தலைவன் மாறியதும் பெண்களின் கர்ப்பங்கள் பெருமளவில் கலைந்துபோவதை 2012இல் பதிவுசெய்தார்கள். கூண்டு எலியில் மட்டும் காணும் கோளாறு இது என்று ஒதுக்கிவந்தவர்களுக்கு அது ஒரு பதிலாக அமைந்தது.

இனி காதல் கதை. 2010இல் ஹர்ஸ்ட், ராபர்ட் பெய்னன் குழு ஆண் சுண்டெலியின் சிறுநீரில் பெண்களைக் கவரும் ஒற்றைப் புரதத்தைப் பிரித்தெடுத்து அதற்கு டார்சின் என்று பெயர் வைத்தது. ஜேன் ஆஸ்டின் நாவலின் நாயகன் டார்சிதான் காரணம். ஆங்கிலேய விஞ்ஞானிகளுக்கு இந்தக் குறும்பு உண்டு. டார்சினின் சுவாரசியம் அது ஈர்ப்பதில் மட்டும் இல்லை, அது கற்பிக்கிறது. டார்சின் கலந்த துளியை ஒருமுறை தொட்டுவிட்ட பெண், அப்போது கூடவே வந்த காற்று வாசனையை, அதாவது அந்தக் குறிப்பிட்ட ஆணின் தனி வாசனையை மனத்தில் வைத்துக்கொள்கிறது. பிறகு டார்சின் இல்லாமல் அந்த வாசனை மட்டும் வந்தாலும் தேடிப்போகிறது. வாசனை இருந்த இடமும் பதிந்துவிடுகிறது. துளியை அகற்றிவிட்ட பிறகும் இரண்டு வாரம் வரை பெண் எலி அதே இடத்துக்கு வந்து வந்து நின்றதை 2012இல் காட்டினார்கள். பிறவியில் வந்த ஒரு சமிக்ஞை, பிறகு கற்கவேண்டியதைக் கையைப் பிடித்துக் கற்றுத்தருகிறது.

அந்த டார்சின்கூட எல்லாப் பெண்ணையும் அசைப்பதில்லை. ஆக்சலின் ஆய்வகம் 2020இல் அதன் தடத்தை அமிக்டலா வரை தொடர்ந்துபோய்ப் பார்த்தபோது, பாலூட்டும் தாய் எலிகள் டார்சினை முகர்ந்துவிட்டு ஏறெடுத்தும் பார்க்காமல் போனதும் பதிவானது. மூக்கு வேலை செய்கிறது, புரதமும் அதேதான். குட்டி இருக்கும் வீட்டில் அதற்கு இப்போது அர்த்தம் இல்லை.

டுலாக்கின் சோதனைகள் இதைவிட அதிர்ச்சியானவை. ஜேக்கப்சன் உறுப்பின் நரம்பணுக்கள் மின்குறிப்பை அனுப்ப டிஆர்பிசி2 என்ற ஒரு வாயில் புரதம் வேண்டும். 2002இல் அதற்கான மரபணுவை நீக்கிய ஆண் எலிகளை அவர் குழு கவனித்தது. கூண்டுக்குள் அந்நிய ஆண் நுழைந்தால் சாதாரண எலி பாய்ந்து கடிக்கும். இவை கடிக்கவில்லை. வந்தது ஆணா பெண்ணா என்று பார்க்காமல் இரண்டின் மேலும் ஏறப்பார்த்தன. 2007இல் பெண் எலிகளிடம் அதே மரபணுவை நீக்கினார்கள். அந்தப் பெண்கள் ஆண்களைப்போலவே நடந்துகொண்டன. மற்ற எலிகளைத் துரத்தின, மேலே ஏறின, இடுப்பை அசைத்தன. பிறவியிலிருந்தே அந்த மரபணு இல்லாததால் மூளை மாறி வளர்ந்திருக்குமோ என்ற கேள்வி எழும் என்று தெரிந்தே, வளர்ந்த சாதாரணப் பெண் எலிகளின் ஜேக்கப்சன் உறுப்பை அறுவையில் எடுத்தும் பார்த்தார்கள். அவையும் அப்படியே நடந்தன. பெண் மூளைக்குள் ஆண் நடத்தைக்கான சுற்று முழுதாக இருக்கிறது, வாசனைதான் அதை அடக்கிவைத்திருக்கிறது என்பது டுலாக் எடுத்த முடிவு. ஆண் மூளை வேறு, பெண் மூளை வேறு என்று பாடப்புத்தகம் அழுத்தி வரைந்துவைத்திருந்த கோட்டை இது பெரிதும் மங்கவைத்தது.

வாசனை வந்துசேரும் மறுமுனையிலிருந்தும் சிலர் தேடினார்கள். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் தாயு லின், டேவிட் ஆண்டர்சன் குழு 2011இல் ஆண் எலியின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு கொத்தை மெல்லிய ஒளியிழை வழியே ஒளிபாய்ச்சித் தூண்டியது. விளக்கு எரிந்ததும் எலி பக்கத்தில் இருப்பதைத் தாக்கியது. பெண்ணையும் தாக்கியது, காற்றடைத்த ரப்பர் கையுறையையும் தாக்கியது. இதுதான் பொத்தான் என்று தோன்றும். ஆனால் அந்த எலி ஒரு பெண்ணோடு இணைந்திருக்கும்போது விளக்கைப் போட்டால் தாக்குதலைக் கிளப்புவது கடினமாக இருந்தது. கலவியும் சண்டையும் அந்தக் கொத்துக்குள்ளேயே ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கின்றன. நேரடியாக மூளைக்குள் விளக்கைப் போட்டாலும் எலி அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது கணக்கில் வருகிறது.

இந்தக் கணக்கு தெளிவாகத் தெரிவது அப்பாவாகும் எலியிடம். பெண்ணோடு சேர்ந்தே இராத ஆண் சுண்டெலியின் முன் பிறந்த குட்டியை வைத்தால், பெரும்பாலும் கடித்துக் கொன்றுவிடும். அதே ஆண் ஒரு பெண்ணோடு சேர்ந்து மூன்று வாரம் ஆகட்டும். இப்போது குட்டியைக் கண்டால் வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுபோகும், நக்கும், மேலே குந்தி உடம்புச் சூடு கொடுக்கும். மூன்று வாரம் என்பது பெண் எலியின் கர்ப்பகாலம். தன் குட்டி பிறக்கும் வேளைக்குச் சரியாக ஆண் மாறியிருக்கிறது. குட்டியின் வாசனை மாறவில்லை. மாறியது அதை வாசிக்கும் தலை.

தாக்குதலுக்கு வழிவிடுவது மறுபடியும் ஜேக்கப்சன் உறுப்புதான். ஜப்பானின் ரிக்கென் நிலையத்தில் 2013இல் கன்னி ஆண்களின் இந்த உறுப்பை முடக்கியபோது, அவை குட்டிகளைக் கொல்வதை விட்டுவிட்டு வளர்க்கத் தொடங்கின. அடுத்த ஆண்டு டுலாக் குழு ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் காலனின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை இனங்கண்டது. அவற்றை அழித்தால் தாய்கூடக் குட்டியைக் கவனிப்பதில்லை. அவற்றை ஒளியால் தூண்டினால் கொலைகார ஆண் நின்று, குட்டியை நக்கத் தொடங்குகிறது. எந்த வாசனை தாக்கத் தூண்டுகிறது என்று 2018இல் தேடியபோது கிடைத்தவை சாதாரணப் பொருள்கள்: குட்டியின் மேல் ஒட்டியிருக்கும் உமிழ்நீர்ப் புரதம் ஒன்றும், ரத்தத்தின் ஹீமோகுளோபினும். இந்த ஆய்வுத் தொடருக்காக டுலாக்குக்கு 2020 செப்டம்பரில் பிரேக்த்ரூ பரிசு அறிவிக்கப்பட்டது.

சிறுநீர் மட்டும் பேசுகிறது என்று இல்லை. ஆண் சுண்டெலியின் கண்ணீரில் உள்ள ஒரு சிறு புரதம் பெண்ணைக் கலவிக்கு இணங்கவைப்பதை டோக்கியோவில் கசுஷிகே தோஹாரா குழு கண்டது. இன்னும் பருவமடையாத குட்டிகளின் கண்ணீரில் வேறொரு புரதம், வளர்ந்த ஆண்களை அண்டவிடாமல் வைக்கிறது. மூச்சுக்காற்றும் பேசும். அதுவே எலிகளின் சாப்பாட்டுக் கதை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலஃப் செய்த சோதனை எளியது. ஒரு எலிக்குக் கோகோ கலந்த உணவையோ இலவங்கப்பட்டை கலந்த உணவையோ கொடுப்பார். பிறகு அதை இன்னொரு எலியோடு அரை மணி நேரம் விடுவார். இரண்டும் வாயோடு வாய் வைத்து முகர்ந்துகொள்ளும். அப்புறம் இரண்டாவது எலியின் முன் இரண்டு உணவையும் வைத்தால், தோழன் தின்றதையே அது அதிகம் தின்னும். உணவின் வாசனை மட்டும் போதாது. எலியின் மூச்சில் இயல்பாக இருக்கும் கார்பன் டைசல்ஃபைடும் அதோடு சேர்ந்து வரவேண்டும். ஒரு பஞ்சுருண்டையில் உணவைப் பூசி, அந்த வேதிப்பொருளை ஓரிரு சொட்டு விட்டால் பஞ்சுருண்டையே தோழனாகிவிடுகிறது. இந்த ஒரு வேதிப்பொருளை உணர எலியின் மூக்கில் தனி நரம்பணுக்களே இருப்பது 2010இல் தெரியவந்தது.

இதில் எதிர்பாராத ஒன்று உண்டு. தின்ற தோழன் நோயுற்றுச் சுருண்டு கிடந்தாலும், முகர்ந்த எலி அந்த உணவை வெறுக்கக் கற்றுக்கொள்வதில்லை. அதையும் விரும்பித் தின்கிறது. நம் ஊர் வயலில் நாம் கேட்கும் கதை வேறு மாதிரி: ஒரு எலி மருந்தைத் தின்று செத்தால் மற்றவை உஷாராகிவிடும் என்பார்கள். ஆய்வகக் கணக்குப்படி உஷாராவது, கொஞ்சம் தின்று பிழைத்துக்கொண்ட எலிதான். எலிக்குப் புது உணவென்றால் சந்தேகம், முதலில் நுனியைத்தான் கடிக்கும். வயிறு கலங்கினால் அந்தப் பக்கம் மறுபடி வராது. சிங்க் பாஸ்பைடு வைக்கும் விவசாயிகளிடம், முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத பொரியோ கருவாடோ வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு 49 பங்கு இரைக்கு ஒரு பங்கு மருந்து கலக்கச் சொல்கிறார்கள் வேளாண் அலுவலர்கள். அந்த முதல் நாள்களில் வளைக்குத் திரும்பும் ஒவ்வொரு எலியும் தன் மூச்சால் மற்றவற்றுக்கு நம்பிக்கை ஊட்டுகிறது என்பதை கேலஃபின் கண்ணோடு பார்த்தால் புரியும். டெல்டாவின் தஞ்சாவூர்க் கிட்டிப் பொறிக்கு மருந்து வைக்கும் வம்பு இல்லை, அது மூங்கில் வில்லால் கழுத்தை நெரிக்கிற சமாச்சாரம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எலிகளின் மணச்சுரப்பிகளை ஆராய்ந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன. வாசனையையே இரையாக்கி எலியைப் பொறிக்கு அழைக்கும் எண்ணம் இந்த வகை ஆய்வுகளின் பின்னால் எப்போதும் உண்டு.

உணவை விட்டு மறுபடி ஆளுக்கு வந்தால், யாரை முகர்கிறோம் என்பதை நினைவில் வைக்க ஆக்சிடோசின் ஹார்மோனும் தேவைப்படுகிறது. அதற்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு மூக்கு நன்றாக வேலைசெய்தது, உணவு வாசனையும் நினைவிருந்தது. ஆனால் சற்றுமுன் சந்தித்த எலி திரும்ப வந்தால் புது ஆளைப்போலவே முதலிலிருந்து முகர்ந்தன. 2000இல் வெளிவந்த இந்த ஆய்வுக்கு வைத்த தலைப்பிலேயே சமூக மறதி என்று எழுதினார்கள்.

மனிதருக்கு இதில் பங்கு எவ்வளவு? குறைவு. டிஆர்பிசி2 மரபணு நம்மிடம் உடைந்துபோன நிலையில்தான் இருக்கிறது. ஜேக்கப்சன் உறுப்பின் தடம் மட்டும் மூக்கில் எஞ்சியிருக்கிறது, அதிலிருந்து மூளைக்கு வேலைசெய்யும் நரம்பு இல்லை. பெரோமோன் கலந்தது என்று சொல்லிக் குப்பியில் விற்கும் வாசனைத் திரவியங்களை வாங்குபவர், வாசனைக்குத்தான் காசு கொடுக்கிறார்.

ஆனால் எலியின் மூக்கு மனிதரை விட்டுவைப்பதில்லை. மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலியை ஆராயும் ஜெஃப்ரி மோகில் 2014இல் இதை அளந்து வெளியிட்டார். சோதனை அறையில் ஆண் ஆய்வாளர் இருந்தால் எலிகளின் முகத்தில் வலியின் அறிகுறி குறைகிறது. பெண் ஆய்வாளர் இருந்தால் குறைவதில்லை. ஆள்கூட வேண்டாம், ஓர் ஆண் முந்தைய இரவு போட்டுக்கொண்டு படுத்த டி-ஷர்ட்டைப் பக்கத்தில் வைத்தாலே போதும். எலிகளுக்குப் பழக்கமில்லாத மற்ற ஆண் விலங்குகளின் படுக்கையும் அதையே செய்தது. ஆண் மணம் பட்டதும் எலிக்கு மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, அந்த அழுத்தம் வலியை மறக்கச்செய்கிறது. அழுத்தத்தின் அளவு, எலியைக் குழாயில் அடைத்துவைத்ததற்கோ நீரில் நீந்தவிட்டதற்கோ சமம். நேரம் போகப்போக எலி பழகிக்கொள்ளும். ஆகவே ஆண்கள் சோதனையைத் தொடங்குமுன் சற்று நேரம் அறையில் எலிகளோடு இருப்பது நல்லது, ஆய்வுக் கட்டுரைகளிலும் எலிகளைக் கையாண்டவர் ஆணா பெண்ணா என்பதைக் குறிப்பிட வேண்டும் என்று மோகில் குழு பரிந்துரைத்தது. அதற்கு முன் வெளிவந்த எலி வலி ஆய்வுகளில் எத்தனை, கூண்டருகே நின்றவரின் சட்டையையும் சேர்த்து அளந்தன என்பதைத் திரும்பிப் போய்க் கணக்கிட வழியில்லை. பெரும்பாலான கட்டுரைகளில் அந்தத் தகவலே எழுதப்படவில்லை.